ரூ.1,85,000 போய்விட்டது: வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்கள் படிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். கோயம்புத்தூரில் ஓர் அலங்கார மீன் கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரிய கடை, முகப்பெல்லாம் நீல வெளிச்சம், உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி. அங்கே நான் கொடுத்தது ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். கிடைத்தது நாறுகிற நாலடித் தொட்டியும் சாயம் போகிற கற்களும்.

திருப்பூர்க்காரன் நான். நன்னீர் மீன்களை வருடக்கணக்கில் வளர்த்தவன். பவளப்பாறைத் தொட்டி ஒன்று வீட்டில் வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கூடத்தில் இடம் ஒதுக்கி, தனி மின் இணைப்பு இழுத்து, தேவைப்படும் பொருள்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். சுமார் 250 லிட்டர் தொட்டி, கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், அலை உண்டாக்கும் மோட்டார், எல்.இ.டி. விளக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், ஆர்.ஓ. கருவி, கடல் உப்பு, பாறை, பரிசோதனைக் கிட்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. காங்கயம் பக்கம்தான் சொந்த ஊர் என்றார். டீ வரவழைத்தார். என் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து அம்மோனியா, கால்சியம், காரத்தன்மை பார்க்கும் கிட்களை ஒவ்வொன்றாக அடித்தார். "இதெல்லாம் எதற்குக் கண்ணு? வெட்டிச் செலவு. தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்துக் கொண்டுவா, நானே பார்த்துச் சொல்கிறேன்." பொருளை விற்க வேண்டிய மனிதர் என் செலவைக் குறைக்கிறார்! அந்த இடத்தில் எவருக்குத்தான் நம்பிக்கை வராது? அவர் அடித்தது தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பொருள்களை மட்டுமே என்பது இப்போது புரிகிறது. உப்பின் அளவு சரியா என்று தண்ணீரின் அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மட்டும் இலவசமாகவே கொடுத்தார். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவருடைய ஆட்களே பொருத்தினார்கள். உப்பைக் கரைத்ததும் ஹைட்ரோமீட்டர் கடல்நீருக்கு இருக்க வேண்டிய 1.025-ஐச் சரியாகக் காட்டியது. மீன் கழிவின் நச்சை முறிக்கும் பாக்டீரியாவை ஒரு பாட்டில் ஊற்றி, மூன்றே நாளில் தொட்டி தயார் என்றார்கள். நன்னீர்த் தொட்டிக்கே வாரக்கணக்கில் ஆகுமே என்று கேட்டேன். இது இறக்குமதிச் சரக்கு, அப்படித்தான் என்று பதில் வந்தது. ஒரு ஜோடி கோமாளி மீனும் துப்புரவு இறால்களும் அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். இறால்கள் மறுநாள் காலையிலேயே புரண்டு கிடந்தன. மீன்கள் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பிறகு செத்தன.

உண்மையைக் கண்டுபிடித்தது என் மச்சான். சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை செய்கிறார். மிச்சமிருந்த உப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். துணிக்குச் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற அதே உப்பு! தொட்டித் தண்ணீரை எடுத்துப்போய்க் கடினத்தன்மை பார்த்தார். மக்னீசியமும் கால்சியமும் சேர்ந்து கடல்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 6,000 மில்லிகிராமைத் தாண்டும். என் தொட்டியில் நூறுகூட இல்லை. பவளம் எலும்பு கட்டுவதற்கே லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். ஹைட்ரோமீட்டருக்கு அடர்த்தி மட்டுமே தெரியும், வெறும் சாப்பாட்டு உப்பைக் கரைத்தாலும் அதே 1.025 காட்டும். இலவசத்தின் ரகசியம் இதுதான். கடல் உப்பு என்ற பெயரில் இதற்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

பாறைகளைத் தேய்த்துக் கழுவினேன். ஊதா நிறம் கையோடு வந்தது. உள்ளே வெறும் சிமெண்டு. இவற்றை விற்றபோது, "மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த உயிர்ப்பாறை, வெளியே சொல்லிவிடாதே கண்ணு" என்று குரலைத் தாழ்த்தினார். உயிர்ப்பாறை என்றால் கடலுக்குள் உயிரினங்கள் குடியேறிய பவளப்பாறைத் துண்டு. அங்கே 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. கடினப் பவளங்களோ 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். அவர் சொன்னது உண்மையென்றால் என்னையும் வழக்கில் இழுத்துவிட்டிருப்பார், பொய்யென்றால் மோசடி. எப்படிப் பார்த்தாலும் மனிதர் லேசுப்பட்டவர் அல்ல.

சில்லர் புதியது என்று நாற்பத்தைந்தாயிரம் வாங்கினார்கள். பின்பக்க ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், வரிசை எண் சுரண்டப்பட்டிருக்கிறது. திருப்பூர் வெயிலில் தண்ணீர் 31 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. இருக்க வேண்டியது 25, 26.

அதன் பிறகு நடந்த அலைக்கழிப்பு இருக்கிறதே, பணம் போனதைவிட அதுதான் எரிகிறது. முதலில் உங்கள் வீட்டுக் கரண்ட் சரியில்லை என்றார்கள். பிறகு தண்ணீர் சரியில்லையாம். ஆர்.ஓ. கருவி விற்றதே அவர்கள்தானே! அடுத்து, "சிலருக்கு மீன் ராசி இருக்காது சார், யாராவது கண் வைத்திருப்பார்கள்" என்றார் அந்தப் பெரியவர். நேரில் போனால் ஓனர் பழனிக்குப் போயிருக்கிறார் என்கிறான் பையன். வாசலில் அவருடைய கார் நிற்கிறது. கடைசியாகப் பில் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் கொடுத்தது கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு. பில் பிறகு வாட்ஸ்அப்பில் வரும் என்று சொன்னவர்களும் அவர்களே. இப்போது என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். நல்லவேளை, பாதிக்கு மேல் வங்கி வழியாக அனுப்பியிருந்தேன்.

ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். ஒரு வருடச் சேமிப்பு. என் மனைவி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமனார்தான் "ஆழம் தெரியாமல் காலை விட்டாயே" என்று தினமும் கேட்கிறார். திருடியவனை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறார்!

தொட்டி அமைப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நிறுவன முத்திரை பிரிக்காத உப்பைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். பரிசோதனைக் கிட்டை வேறு கடையில் வாங்குங்கள். மீனைக் கொல்லும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை, பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம், ஒரு மீனும் வேண்டாம். உயிர்ப்பாறை என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. பில் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. என் மனு திங்கட்கிழமை போகிறது. அதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் துண்டுச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்த்தே கொடுத்துவிடலாம்.