லுவாங் பிரபாங் – வியன்டியான் ரயில்: பழைய தண்டவாளக்காரனின் மதிப்பீடு

லாவோஸ் போகிறவர்கள் லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகர் வியன்டியானுக்குப் பஸ் ஏறாதீர்கள். மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவிடுகிறது. டிக்கெட்டுக்கு லாவோஸ்–சீனா ரயில்வேயின் எல்சிஆர் செயலி. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கத்தி, ஸ்ப்ரே டப்பா எல்லாம் வேண்டாம், சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தெற்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி நகர்ந்ததும் காது கீழேதான் போகும். 160 கிலோமீட்டர் வேகத்தில் தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டும் ஜாயின்ட் சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. சீன எல்லையில் உள்ள போட்டெனிலிருந்து வியன்டியான் வரை 422 கிலோமீட்டர். அதில் 75 சுரங்கங்கள். அமெரிக்க விமானங்கள் வீசி, வெடிக்காமல் கிடந்த குண்டுகளைத் தேடி எடுத்த பிறகே பல இடங்களில் மண்ணைத் தோண்ட முடிந்திருக்கிறது. 2021 டிசம்பரில் திறந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நிலையப் பலகையில் லாவோ எழுத்தோடு சீன எழுத்தும் இருக்கிறது. ரயில் கம்பெனியில் சீனாவுக்கு 70 சதவீதம், லாவோஸுக்கு 30. செலவு ஏறக்குறைய 600 கோடி டாலர், பெரும்பகுதி சீனக் கடன். நாட்டின் உயர் அழுத்த மின்பாதைகளை நடத்தும் நிறுவனத்திலும் 2020-இல் பெரும்பான்மைப் பங்கு சீனக் கம்பெனிக்குப் போனது. இவ்வளவு சிறிய நாட்டுக்கு இது கனத்த சுமை. எனக்குக் கவலையாகவே இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த ரயிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வியன்டியானில் கம்சவாத் நிலையத்துக்குப் போய் மாலை பாங்காக் வண்டியைப் பிடியுங்கள். 2024 ஜூலையில் தொடங்கியது. அங்கே கிடப்பது மீட்டர் கேஜ். மதுரைப் பக்கம் நாங்கள் பிடுங்கி அகலப்பாதை ஆக்கிய அதே பாதை, இரு தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டர். சீனப் பாதை 1435. ஒரே தலைநகரில் இரண்டு அகலம், இரண்டு நிலையம்; நடுவில் வேன் பிடித்து ஊரைக் கடக்க வேண்டும். சரக்கென்றால் தானாலெங் உலர் துறைமுகத்தில், அதாவது கடலில்லாத கன்டெய்னர் முனையத்தில், கன்டெய்னரைத் தூக்கி மாற்றுகிறார்கள். பயணிக்குத் தொல்லைதான். ஆனால் வடக்கே ஒரு வாசல் அடைத்தால் தெற்கே ஒன்று திறந்திருக்கிறது.

கிழக்கே வியட்நாம். 1977 நட்பு ஒப்பந்தம் தொட்டு நெருக்கமான உறவு. வியன்டியானின் புதிய நாடாளுமன்றக் கட்டடமே அவர்கள் கொடுத்த அன்பளிப்பு. தென்சீனக் கடலில் சீனாவும் வியட்நாமும் முட்டிக்கொள்ளும்போது லாவோஸ் யார் பக்கமும் நின்று குரல் உயர்த்துவதில்லை. கடலே இல்லாத அந்த நாட்டுக்கு வியட்நாமின் வுங் ஆங் துறைமுகத்தில் பங்கு இருக்கிறது. அந்தத் துறைமுகம் வரை ரயில் பாதை போட இரு நாடுகளும் பேசி வருகின்றன. அந்தப் பாதை சீக்கிரம் வர வேண்டும். சரக்கை அனுப்ப மூன்றாவது வழி இருந்தால் சீனாவிடமும் தாய்லாந்திடமும் கட்டணம் பேச லாவோஸுக்குத் தெம்பு வரும்.

ரயிலுக்கு ஐந்தில் நாலரை தருவேன். இரண்டாம் வகுப்பே தாராளம். இரண்டு ஊரிலும் நிலையம் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. விடுதியில் முதல் நாளே வேனுக்குச் சொல்லிவிடுங்கள்.