கொண்டோவுக்குப் போவதா, ஆளை வரச் சொல்வதா?

நான்கு வருடம் கோலாலம்பூரில் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) கொண்டோவாக அலைந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். போன வருடத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, ஆட்களை அங்கே வரச் சொல்கிறேன். என் ஓட்டு ஸ்டூடியோவுக்குத்தான்.

வீட்டுக்குப் போவதில் உள்ள நல்லது எல்லோருக்கும் தெரியும்: வாடகை இல்லை, கட்டணம் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். பூங்காவிலேயே ஒப்பேற்றலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1982 ஜனவரி 1-இல் மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே விடிய ஏழு மணி ஆகிறது. வேலைக்குப் போகிறவர் கேட்பதோ காலை ஆறு. தித்திவங்சா ஏரிப் பூங்காப் பக்கம் அப்போது இருட்டு. மாலையில் மழை எப்போது கொட்டும் என்று தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நேரத்தைத் தின்பது பயிற்சி அல்ல, ஓர் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் போகும் நேரம். ஆள் கிடைப்பதே காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 10, ஆக ஏழு மணி நேரம்தான். மாலை ஆறு மணி ஆளை மோண்ட் கியாராவில் முடித்துவிட்டுச் செராஸுக்குக் கிளம்பிப் பாருங்கள். ஜாம், வாசல் காவலரிடம் பதிவு, பார்க்கிங் தேடல், லிஃப்டுக்குக் காத்திருப்பு. ஒரு மணி நேரப் பயிற்சி இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். அந்த மாலையில் இரண்டே பேர்.

என் கணக்கையே சொல்கிறேன். வீட்டுக்குப் போனால் ஓர் ஆளுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). பெட்ரோலும் டோலும் 10 போக, இரண்டு பேருக்கு 220. ஸ்டூடியோவில் தலைக்கு 90 வாங்கி 25 வாடகை கொடுத்தாலும், அதே நான்கு மணி நேரத்தில் நான்கு பேருக்கு 260. வித்தியாசம் 40 வெள்ளிதான், ஆனால் ஸ்டியரிங் பிடித்த கை வலி இல்லை.

அதைவிடப் பெரியது தாமதம். “கோச், ஜாம், இருபது நிமிஷம்” என்று வீட்டில் ஒருவர் இழுத்தால், அன்றைக்கு மிச்சம் உள்ள எல்லோரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஸ்டூடியோவில் அடுத்த ஆள் கதவருகே தண்ணீர் போத்தலோடு நிற்பார். நான் வாய் திறக்கவே வேண்டாம், தாமதமாக வந்தவரே முடித்துக்கொள்வார். செராஸ் தாமான் மிடா ஆட்கள் எம்ஆர்டி ரயில் ஏறினால் மாறாமல் முசியம் நெகாரா நிலையம் வரை வந்துவிடலாம், அங்கிருந்து நடைதான்.

எல்லோரும் கூடவே வரவில்லை. பழைய ஆட்களில் மூன்றில் ஒருவர் கழன்றுகொண்டார். முட்டி வலிக்கார அம்மாக்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்றால் வீட்டுக்குப் போவதுதான் சரியாக இருக்கும். அப்படி எனக்கு வந்தவர்கள் இரண்டே பேர், அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன். நோன்பு மாதத்தையும் ஸ்டூடியோவில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மலாய்க்கார ஆட்கள் தராவீஹ் தொழுகை முடித்துப் பத்து மணிக்குமேல் கேட்டார்கள். என் தூக்கம்தான் கெட்டது.

இப்போது ஸ்டூடியோக்காரர் மாத வாடகைக்கு மாறிக்கொள் என்கிறார். ஆள் வராத மதியத்துக்கும் சேர்த்து நான் ஏன் கொடுக்க வேண்டும்? மணிக்கணக்கே போதும் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன்.