பெரம்பூரில் மாணவர்கள் பாடிய ஆப்பெரா

ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களால் பியானோவும் தேவாலயப் பாடற்குழுவும் வேரூன்றிய பெரம்பூரில், நூறு பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய அரங்கு ஒன்றில், மேற்கத்திய இசை பயிலும் மாணவர்கள் ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செலின் ‘டைடோவும் ஈனியாஸும்’ ஆப்பெராவைச் சென்ற சனிக்கிழமை நிகழ்த்தினார்கள். கட்டணம் 150 ரூபாய். 1680-களின் இறுதியில் லண்டனை அடுத்த செல்சியில் ஒரு பெண்கள் பள்ளி மாணவியர் நடித்த படைப்பு இது; ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மாணவர்களுக்கு மிகப் பொருத்தமான தேர்வு.

கார்த்தேஜின் அரசி டைடோ, ட்ராயிலிருந்து வந்த ஈனியாஸைக் காதலிக்கிறாள். சூனியக்காரிகளின் சூழ்ச்சியால் அவன் கப்பலேறிவிட, அவள் இறக்கிறாள். நம் இசை நாடகத்தில் பாட்டுக்கு நடுவே வசனமும் தர்க்கமும் உண்டு. இங்கே கேள்வியும் பதிலும்கூடப் பாட்டுத்தான். இரண்டு வயலின், வயலினைவிடப் பெரிதான, கனத்த நாதமுள்ள ஒரு செல்லோ, பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்குப் பதிலாக ஒரு கீபோர்டு, அவ்வளவுதான் பக்கவாத்தியம். யாருக்கும் மைக் கிடையாது. குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டார்கள்; சட்டை நனைந்தது உண்மை, ஆனால் ஒலிபெருக்கி வழியாகவே பாட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, பத்தடி தொலைவில் ஒரு மனிதக் குரல் நேராக வந்து சேர்வது தனி அனுபவம்.

சூனியக்காரிகளின் குகைப் பாட்டில் அடிகளின் ஈற்றுச் சொற்கள் எதிரொலியாகத் திரும்ப வரவேண்டும். அதற்காக நான்கு மாணவிகளை வெளியே மாடிப்படியில் நிறுத்தி, கதவைக் கையகலம் திறந்து வைத்திருந்தார்கள். ஈனியாஸாகப் பாடியவரின் குரல்தான் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்ச்சுரங்களில், மங்கியது. விடைபெறும் காட்சியில் தாளத்தையும் முந்தினார்.

தமிழில் கதைச்சுருக்கம் அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்தது நல்ல எண்ணம். ஆனால் பொடி எழுத்தில் அச்சிட்டு, விளக்கையும் முழுக்க அணைத்துவிட்டால் எப்படிப் படிப்பது?

டைடோவின் இறுதிப் பாட்டில், மேல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் ஒரே இசைத்தொடரை அடிநாதமாகச் செல்லோ 11 முறை வாசிக்கிறது. பாட்டின் அடிகளோ அந்த வரம்புக்குள் அடங்காமல் அதைத் தாண்டி நீள்கின்றன. பாடிய மாணவிக்கு இருபது வயதுகூட இருக்காது. என்னை நினைத்துக்கொள், எனக்கு நேர்ந்த கதியை மறந்துவிடு என்று பொருள்படும் அடியை முதலில் ஒரே சுரத்தில் நின்று, பிறகு உச்சத்துக்கு ஏறி, சற்றும் கத்தாமல் பாடினார். என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் பாடற்குழு மாணவி ஒருத்தியின் பாட்டி, ஆங்கிலம் தெரியாதவர். “சாவுப் பாட்டா தம்பி இது?” என்று மெல்லக் கேட்டார். இறந்தவரை நடுவில் வைத்து விடிய விடியக் கானா பாடும் வடசென்னைக்காரருக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. “ஆமாம்மா” என்றேன். கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டார்.

வரும் சனிக்கிழமை மீண்டும் நடக்கிறது. செல்லோ இருக்கும் இடப்பக்கமாக உட்காருங்கள்.