பி.எம்.ஐ.யா, வயிற்றுச் சுற்றளவா: எந்த எண்ணை நம்புவது?

அண்ணனின் உடல் பரிசோதனை அறிக்கையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் பக்கத்தில் உயரம் 170 செ.மீ., எடை 68 கிலோ, பி.எம்.ஐ. 23.5. அதற்கு நேரே பச்சை எழுத்தில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்.பி.ஏ.1சி) 6.9 விழுக்காடு. இந்தப் பரிசோதனையில் 6.5ஐத் தொட்டாலே நீரிழிவு என்பது கணக்கு. அதற்குக் கீழே, கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேன் குறிப்பு. முதல் பக்கத்தோடு அறிக்கையை மூடி வைத்திருந்தால் அண்ணன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நோய் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். உடம்பின் பருமனை அளக்க இத்தனை வழிகள் இருக்கும்போது எதை நம்புவது என்ற கேள்வி அன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் பி.எம்.ஐ., அதாவது ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’, உடல் நிறைக் குறியீடு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. அண்ணனுக்கு 68ஐ 2.89ஆல் வகுக்க வேண்டும். எடைக்கருவியும் சுவரில் ஒரு கோடும் இருந்தால் போதும். ஊசி குத்த வேண்டாம், சட்டையைக் கழற்ற வேண்டாம், யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். 18.5க்குக் கீழே குறை எடை, 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25இலிருந்து மிகை எடை, 30இலிருந்து உடல் பருமன் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை பிரிக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டவர் மருத்துவர் அல்லர். 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்லே என்ற வானியல், புள்ளியியல் அறிஞர் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தார். வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதை அவர் கண்டார். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதை எடுத்து, இன்று நாம் சொல்லும் பெயரைச் சூட்டினார். ஆயிரக்கணக்கானவர்களை மொத்தமாக வைத்து ஒப்பிடுவதற்கு உருவான கருவி, காலப்போக்கில் தனிமனிதரின் அறிக்கையில் பச்சையும் சிவப்புமாக அச்சாகத் தொடங்கியது. சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

எல்லைக்கோடுகளும் மனிதர்கள் வரைந்தவையே. அமெரிக்காவில் 1998க்கு முன் மிகை எடையின் எல்லை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்தது. அந்த ஆண்டு இருவருக்கும் 25 என்று மாற்றினார்கள். முந்தைய நாள்வரை இயல்பாக இருந்த கோடிக்கணக்கானவர்கள், ஒரு கிராம்கூடக் கூடாமல் மிகை எடைக்காரர்கள் ஆனார்கள்.

அதற்காக பி.எம்.ஐ.யைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பெருங்கூட்டத்தில் அது சொல்வது மெய். எண் ஏற ஏற நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றின் வாய்ப்பும் ஏறுகிறது. எண் மிக உயரத்தில், அதாவது 40க்கு மேல் இருந்தால், கொழுப்பு மிகுதியாக இருக்கிறதா என்று தனியாக அளந்து பார்க்கத் தேவையில்லை. இன்னொரு முனையில் அதற்குப் போட்டியே கிடையாது. 18.5க்குக் கீழே இறங்கினால் எலும்பு பலவீனம், நோய் எதிர்ப்பாற்றல் குறைவு, பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு என்று பல வரலாம். இதை வயிற்றை அளக்கும் எந்த நாடாவும் சொல்லாது. பருமனைப் பற்றியே பேசிப் பேசி, மெலிவும் ஆபத்து என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நடுப்பகுதியில்தான் அது தடுமாறுகிறது. தசை, எலும்பு, நீர், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறுக்கிறது. பளு தூக்கும் வீரருக்கு 28 வரலாம், அவருடைய வயிறு தட்டையாக இருக்கும். எழுபது வயதில் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தவருக்கு 24 வரலாம், அறிக்கை அவரைப் பாராட்டும். முதுமையில் முதுகெலும்பு தணிந்து உயரம் குறைந்தால், எடை கூடாமலேயே எண் கூடும். கர்ப்பிணிகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. குழந்தைகளுக்கு வயதையும் பாலினத்தையும் பார்த்து வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பெரியவர்களின் 25ஐக் கொண்டு பத்து வயதுப் பிள்ளையை அளப்பது பெருந்தவறு.

இதற்கு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்த்ததில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின், இந்தியாவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஞ்னிக் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடலில் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஞ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே கொழுப்பு அதிகம் சேர்வதால், அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பொது அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற இரண்டு எச்சரிக்கைப் புள்ளிகளைச் சேர்த்தது. அண்ணனின் 23.5 அதில் முதல் புள்ளியைத் தாண்டிவிட்டது. அவருடைய அறிக்கையில் எந்த அட்டவணையைப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்து வயிற்றுச் சுற்றளவு. எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே கொழுப்பு என்பது பெரிய கேள்வி. தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்வது வேறு வகை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் நேரடியாகக் கலக்கின்றன. கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது, இன்சுலினின் சொல் எடுபடாமல் போகிறது, சர்க்கரை உயர்கிறது. அண்ணனின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது இந்த வரிசைதான்.

அளக்கும் முறையில் பலரும் பிழை செய்கிறார்கள். பேண்ட்டின் அளவை வைத்துச் சொல்வது அளவே அல்ல. அது வயிற்றுக்குக் கீழே இறங்கிக்கொள்ளும். விலாவெலும்பின் கீழ் முனையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் படிக்க வேண்டும். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே கவனிக்க வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் அளவு. குறை ஒன்றுதான்: 150 செ.மீ. உயரமுள்ளவருக்கும் 185 செ.மீ. உயரமுள்ளவருக்கும் ஒரே கோடு போடுகிறது.

வயிற்றுச் சுற்றளவை இடுப்பின் (பிட்டத்தின் அகலமான பகுதியின்) சுற்றளவால் வகுக்கும் விகிதத்துக்கு நல்ல சான்று உண்டு. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் 2005ஆம் ஆண்டு அறிக்கை, மாரடைப்போடு பி.எம்.ஐ.யைவிட இந்த விகிதத்துக்கே நெருக்கம் அதிகம் என்று காட்டியது. ஆனால் வீட்டில் பின்தொடர இது தோதுப்படாது. வயிறும் இடுப்பும் சேர்ந்து குறைந்தால் விகிதம் அசையாமல் நிற்கும். உழைத்தவருக்குச் சலிப்புதான் மிஞ்சும்.

என் வாக்கு வயிற்றுக்கும் உயரத்துக்குமான விகிதத்துக்கு. உங்கள் உயரத்தில் பாதிக்குள் வயிறு அடங்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நாடாகூட வேண்டாம். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை ஒரு நூலை அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள். இறுக்காமலேயே முனைகள் தொட்டால் சரி. தொடாவிட்டால் 0.5ஐத் தாண்டிவிட்டீர்கள். 2022இல் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் 0.5 முதல் 0.59 வரை கூடுதல் ஆபத்து, 0.6இலிருந்து அதிக ஆபத்து என்று வகுத்து, பி.எம்.ஐ. 35க்குக் கீழே உள்ள பெரியவர்கள் இதையும் அளந்துகொள்ளச் சொன்னது. ஆணுக்கும் பெண்ணுக்கும், எந்த இனத்தவருக்கும் ஒரே கோடு என்பது இதன் தனி அழகு.

காலில் மின்சாரம் பாய்ச்சிக் கொழுப்பு விழுக்காடு சொல்லும் எடைக்கருவிகள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவை கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடலின் வழியே ஓடும் மின்சாரம் சந்திக்கும் தடையை வைத்துச் சூத்திரத்தில் ஊகிக்கின்றன. வியர்த்த பிறகு ஓர் எண், தண்ணீர் குடித்த பிறகு வேறு எண் காட்டும். வாங்கிவிட்டால் தினமும் ஒரே நேரத்தில் ஏறி, போக்கை மட்டும் பாருங்கள். எக்ஸ்ரே கதிரால் எலும்பையும் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் இவற்றைவிட மிகவும் நம்பகமானது. ஆனால் ஒவ்வொருவரும் மாதாமாதம் செய்துகொள்ளும் காரியமல்ல.

2025 ஜனவரியில் லான்செட் குழுமத்தின் வல்லுநர் ஆணையம், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவரை உடல் பருமன் நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது, வயிற்றளவோ நேரடிக் கொழுப்பு அளவோ சேர்த்துப் பார்க்க வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஆராய வேண்டும் என்றது. அண்ணனுக்கு முதல் நாளே யாராவது ஒரு நூலைச் சுற்றிப் பார்த்திருந்தால்!

நான் சுற்றினேன். அவர் வயிறு 94 செ.மீ.; உயரத்தில் பாதி 85. முனைகளுக்கு நடுவே என் நான்கு விரல்கள் நுழைந்தன. மருத்துவரின் யோசனைப்படி மருந்தும் நடையும் தசைப் பயிற்சியுமாக எட்டு மாதங்கள் போயின. எடை 66 கிலோ, பி.எம்.ஐ. 22.8. எடைக்கருவியைப் பார்த்து, இத்தனை மாதத்துக்கு இரண்டே கிலோவா என்று அவர் முகம் வாடியது. அதே நூலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். இந்த முறை இடைவெளியில் ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை.