ரைன் நதிக் கப்பல் பயணம்: பணம் கட்டுமுன் நீர்மட்டத்தைப் பாருங்கள்

ஆம்ஸ்டர்டாமில் கப்பலேறி ரைன், மைன், டான்யூப் நதிகள் வழியாகப் புடாபெஸ்ட் வரை செல்லும் பயணத்துக்குக் கோடையின் பிற்பகுதியில் பதிவு செய்ய எண்ணுபவர்கள், மீதித் தொகையைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். 2022 ஆகஸ்டில் நானும் என் கணவரும் சென்ற இந்தப் பயணத்தின் பெரும்பகுதி பேருந்திலேயே கழிந்தது. அப்படித்தான் ஆகும் என்பது நாங்கள் புறப்படுவதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என்னால் ஏற்க முடியாதது.

அந்தக் கோடையில் ரைன் வற்றிக்கொண்டிருந்தது ஊரறிந்த செய்தி. கோப்ளென்ஸுக்கும் பிங்கனுக்கும் இடையே காவ்ப் என்ற சிற்றூரில்தான் கப்பல்களுக்குச் சோதனை. அங்குள்ள அளவுகோல் 40 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. அளவுகோல் 40 காட்டினால் கப்பல் வழித்தடத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தண்ணீர் இருக்கும். பயணிகளோடு செல்லும் நீண்ட கப்பலுக்கு அது போதாது. ஜெர்மன் நீர்வழித் துறையின் எல்விஸ் இணையதளத்தில் இந்த அளவை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதைக் குறிப்பிட்டே முகவரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லைங்க மேடம், கப்பல் போய்க்கிட்டுதான் இருக்கு" என்றார்.

கப்பல் கோப்ளென்ஸில் நின்றுவிட்டது. அங்கிருந்து தொடங்கும் 65 கிலோமீட்டர்தான் யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த, கோட்டைகள் நிறைந்த பள்ளத்தாக்கு. மக்கள் பணம் கொடுப்பதே அதற்காகத்தான். நதியின் நடுவே பாறைமீது சுங்கம் வசூலிக்கக் கட்டிய ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் கோட்டையைப் பேருந்துச் சன்னல் வழியே, தண்டவாளங்களுக்கு அப்பால் சில நொடிகள் பார்த்தோம். 132 மீட்டர் உயர லோரலைப் பாறையின் அடிவாரத்தை ஒட்டியே சாலை செல்வதால், எங்களுக்குத் தெரிந்தது சன்னலை உரசுவது போன்ற கற்சுவர் மட்டுமே.

நீர்ப்பூட்டுகளின் கதை இதைவிட மோசம். மைன் நதியில் 34, மைன்-டான்யூப் கால்வாயில் 16 எனக் கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் இவற்றில், சில ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்துக்குக் கப்பலைத் தூக்குபவை. என் கணவர் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். அவர் பார்க்க விரும்பியதே இவற்றைத்தான். மைனில் தடுப்பணைகள் கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால், ரைன் வற்றினாலும் அங்கே கப்பல் ஓடும். பொறுப்புள்ள நிறுவனங்கள் ஆழம் குறைந்த பகுதியை மட்டும் பேருந்தில் கடத்திவிட்டு, மறுபுறம் நிற்கும் மற்றொரு கப்பலில் பயணிகளை ஏற்றிவிடுகின்றன. எங்கள் நிறுவனமோ மாற்றுக் கப்பல் இல்லை என்று கைவிரித்துவிட்டு, எங்களை விடுதி விடுதியாக மாற்றிக்கொண்டே சென்றது.

வுர்ட்ஸ்பர்க் விடுதியின் வரவேற்பில் கையெழுத்துக்காக என் முன் வைத்த அறைப் பட்டியலின் மேல் ஓரத்தில், அறைகளைப் பதிவு செய்த தேதி அச்சாகியிருந்தது. அது நாங்கள் கப்பலேறியதற்கு முந்தைய வாரத் தேதி. அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

புகார் செய்தபோது, நீர்மட்டம் இயற்கையின் செயல் என்று ஒப்பந்த விதியைக் காட்டி, அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிச் சீட்டு ஒன்றை நீட்டினார்கள். நான் வாங்க மறுத்துவிட்டேன். 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தொகுப்புச் சுற்றுலா நெறிமுறைப்படி, தவிர்க்க முடியாத சூழல் என்றால் நட்டஈடு தர வேண்டியதில்லை. ஆனால், விற்ற சேவையைத் தராதபோது அதற்கேற்ப விலையைக் குறைத்தே ஆக வேண்டும். பயணத்தின் முக்கிய அம்சம் பெரிதும் மாறுவது புறப்படுமுன் தெரிந்தால், கட்டணமின்றி விலகும் உரிமையும் பயணிக்கு உண்டு. எங்களிடம் உண்மையை மறைத்துப் பறித்தது அந்த உரிமையைத்தான்.

ஆகவே, மாற்றுக் கப்பல் உண்டா, எத்தனை நாள் பேருந்தானால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள். இந்தியாவில் பதிவு செய்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். அதற்குப் பயண நிரலின் முதல் வடிவமும், ஒவ்வொரு நாளும் கப்பலில் தரும் மாற்று நிரலும் கையில் இருக்க வேண்டும்.