எழுபதில் தைரொயிட் புற்றுநோய்: முழுதாக எடுப்பதா, பாதியா, பார்த்திருப்பதா?

"இந்த வயசில ஏன் புள்ள கழுத்த வெட்டுவான்?" காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஊசிப் பரிசோதனை முடிவோடு வீடு திரும்பும் மூத்தவர்கள் கேட்பது இது. கட்டி எப்படிப்பட்டது என்று தெரியாமல் இதற்கு ஆம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது.

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் வரும் இந்தப் புற்றுநோயில் வயதும் நோயின் நிலையைத் தீர்மானிக்கிறது. 2018 இல் நடைமுறைக்கு வந்த வகைப்பாடு அந்த வயது எல்லையை 45 இலிருந்து 55 ஆக்கியது. அதிகம் காணப்படும் பப்பிலரி வகை நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் 54 வயதுக்காரருக்கு அது 2ஆம் நிலை. 56 இல் அதே பரவல் 4ஆம் நிலை. முதியவர்களின் கட்டி சுற்றுத் தசைக்குள் இறங்குவது அதிகம், சிகிச்சைக்குக் கொடுக்கும் கதிரியக்க அயடீனை உள்வாங்குவது குறைவு.

ஆனால் 1 சென்ரிமீற்றருக்கும் சிறிய பப்பிலரிக் கட்டியில் கதை தலைகீழ். ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா வைத்தியசாலை 1993 முதல் இப்படியானவர்களை வெட்டாமல் கண்காணித்து வந்தது. 2014 இல் வெளியான 1,235 பேரின் கணக்கில், நோய் கூடியவர்கள் 40 வயதுக்குக் கீழே 8.9 வீதம், 60 ஐத் தாண்டியவர்களில் 1.6 வீதம். ஆகவே கட்டி சிறிது, நிணநீர்க் கணு வீங்கவில்லை, மூச்சுக்குழாயையும் குரல் நரம்பையும் ஒட்டவில்லை என்றால் எழுபது வயதில் நான் பார்த்திருப்பதையே முதலில் வைப்பேன். முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை கழுத்து ஸ்கேன். அதைத் தவறவிடுகிறவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

பாதிச் சுரப்பியை எடுப்பது நடுவழி. மிஞ்சிய பாதி பலருக்குப் போதுமான ஹோர்மோனைச் சுரக்கும், இரத்தத்தில் கல்சியம் குறையும் பயமும் பெரும்பாலும் இல்லை. சோதித்த பிறகு கட்டி மோசமானது என்று தெரிந்தால் மட்டும் இரண்டாவது சத்திரசிகிச்சை.

முழுதாக எடுத்தால் பின்பு கதிரியக்க அயடீன் கொடுக்கலாம், நோய் திரும்புகிறதா என்று இரத்தத்திலேயே பார்க்கலாம். பெரிய கட்டிக்கும் பரவிய நோய்க்கும் இதுதான் சரி, வயதைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. பாரமும் உண்டு: ஆயுள் முழுக்க வெறும் வயிற்றில் தைரொக்சின் என்ற ஹோர்மோன் மாத்திரை, கல்சியமும் தேவைப்பட்டால் அதிலிருந்து நாலு மணித்தியாலம் தள்ளி. தைரொக்சின் அளவு கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும், எலும்பு தேயும். ஏற்கனவே பிரஷர், சீனி மருந்து எடுப்பவருக்கு இதை யார் எடுத்துக் கொடுப்பது என்பதை வீட்டார் சத்திரசிகிச்சைக்கு முன்பே பேசி முடிக்கவேண்டும்.

இந்த மூன்றுக்கும் வெளியே ஒன்று இருக்கிறது. அனாப்பிளாஸ்டிக் என்ற தைரொயிட் புற்றுநோய் வகை பெரும்பாலும் 60 ஐத் தாண்டியவர்களுக்கே வரும், மாதங்களுக்குள் உயிரை எடுக்கும். பல வருடம் பேசாமல் கிடந்த கழலையிலிருந்தும் அது கிளம்பும். கழலை சில வாரத்தில் பெருத்தால், குரல் கரகரத்தால், சோறு விழுங்கச் சிரமப்பட்டால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ கூட்டிப் போங்கள்.