மைநேதா: ஓட்டுப் போடும் முன் பார்க்க வேண்டிய தளம்

தேர்தல் நேரத்தில் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கட்சி பெயர் சொல்வதில்லை, வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரங்களைத் தொகுத்துத் தரும் மைநேதா (myneta.info) தளத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். இலவசம், லாகின் எதுவும் தேவையில்லை. இதை நடத்துவது ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்), அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் 1999-இல் தொடங்கிய அமைப்பு. வேட்பாளர்கள் சொத்து, கடன், படிப்பு, குற்ற வழக்கு எல்லாவற்றையும் வெளியில் சொல்ல வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே இவர்கள் தொடுத்த வழக்கில்தான். அந்தத் தீர்ப்பை நீர்க்கச் செய்ய நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்பிரிவும் 2003-இல் செல்லாமல் போனது.

தேடல் பெட்டியில் பெயரை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், இனிஷியல் வேறு இடம் மாறும். மாநிலம், ஆண்டு, தொகுதி என்று போனால் சீக்கிரம் கிடைக்கும்.

எல்லோரும் முதலில் பார்ப்பது வழக்கு எண்ணிக்கையை. 2024-இல் ஜெயித்த 543 எம்.பி.க்களில் 251 பேர் மேல் வழக்கு என்று செய்தி வந்ததும் இவர்களுடைய கணக்குதான். ஆனால் அந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்துபோவோம். கூடங்குளம் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமார் 2014-இல் கன்னியாகுமரியில் நின்றபோது அவர் மேல் 380-க்கும் மேற்பட்ட வழக்குகள் இருந்தன, அணு உலை வேண்டாம் என்று மக்களோடு உட்கார்ந்ததற்காகப் போடப்பட்டவை. வெறும் எண்ணை வைத்துப் பார்த்தால் அவர் பெரிய குற்றவாளி! அதனால் கீழே இறங்கிப் பிரிவுகளைப் படியுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்றால் பெரும்பாலும் மறியல், தடையை மீறிய ஆர்ப்பாட்டம். 302 கொலை, 307 கொலை முயற்சி, 376 பாலியல் வன்கொடுமை. அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்த 2024 ஜூலைக்குப் பிறகு பதிவான வழக்குகளில் இந்தக் கடைசி மூன்றும் முறையே 103, 109, 64 என்று மாறியிருக்கும். நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்துவிட்டதா என்பதையும் பாருங்கள், அது முக்கியம்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஏற்கெனவே தேர்தலில் நின்றவர் என்றால் பழைய தேர்தல்களில் காட்டிய சொத்தும் அதே பக்கத்தில் வருவதுதான். சொத்து மூன்று மடங்கானதும் உடனே கோபப்பட வேண்டாம், பழைய நிலத்தின் விலை ஏறியிருக்கலாம். எந்தத் தேதியில் வாங்கியது, பரம்பரைச் சொத்தா, வாங்கிய விலை என்ன என்று வரிசையாக இருக்கும். பதவிக் காலத்தில் புதிதாக வாங்கிய நிலம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும், அப்புறம் ஐந்து ஆண்டு வருமானக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. செல்போனில் அந்த நீள அட்டவணைகளைப் படிப்பது கஷ்டம். விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், என் ஊரில் யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது, தமிழ்ப் பதிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். இன்னொன்று, இதில் இருப்பதெல்லாம் வேட்பாளரே வேட்புமனுவோடு பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது. பொய்யாக எழுதினால் ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது, ஆனால் மைநேதா அதைச் சரிபார்ப்பதில்லை, எழுதியதை அப்படியே தருகிறது. சந்தேகம் வந்தால் அதே பக்கத்தில் அந்த மூலப் பிரமாணப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதிக்கு இணைப்பு இருக்கும், அதைத் திறந்து பாருங்கள்.